செய்தாவின் வயதுக்காரர்களுக்கு: 'மின்மினிகளின் கல்லறை' பற்றிய ஒரு நிகழ்வு ஆய்வு

நிகழ்வு

1988 ஏப்ரல் 16 அன்று ஜப்பானியத் திரையரங்குகளில் ஒரே நுழைவுச்சீட்டுக்கு இரண்டு அனிமேஷன் படங்கள் காட்டப்பட்டன. இரண்டையும் உருவாக்கியது 1985-இல் தொடங்கப்பட்ட ஸ்டூடியோ ஜிப்லி. வெளியிட்டது தோஹோ நிறுவனம். ஒன்று ஹயாவோ மியாசாகி இயக்கிய 'என் பக்கத்து வீட்டு டோட்டோரோ'. மற்றொன்று இசாவோ தகாஹாதா இயக்கிய 'மின்மினிகளின் கல்லறை'. முதல் படத்தில், தாய் மருத்துவமனையில் இருக்க, நான்கு வயதுச் சிறுமி ஒருத்தி தன் அக்காவோடு கிராமத்து வீட்டில் நாட்களைக் கழிக்கிறாள். தாயைத் தேடிப் புறப்பட்டு வழிதவறிப்போய், பொழுது சாயும் வேளையில் கிடைத்துவிடுகிறாள். இரண்டாவது படத்திலும் செட்சுகோ என்ற நான்கு வயதுச் சிறுமி இருக்கிறாள். அவளுக்குத் துணையாக இருப்பது 14 வயது அண்ணன் செய்தா. தாய் குண்டுவீச்சில் தீக்காயம்பட்டு இறக்கிறாள். சிறுமி பல வாரங்கள் பசியில் வாடி, கொஞ்சம் கொஞ்சமாக அணைந்துபோகிறாள்.

எந்தப் படம் முதலில் ஓடும் என்பது அரங்குக்கு அரங்கு மாறியது. கல்லறையில் தொடங்கி டோட்டோரோவில் முடித்தவர்கள் ஓரளவு தேறிக்கொண்டு வீடு திரும்பியிருக்க முடியும். டோட்டோரோவில் சிரித்து முடித்த குழந்தைகள் அதே இருக்கையில் அமர்ந்து செட்சுகோவின் சாவைப் பார்க்க நேர்ந்ததை எண்ணும்போதே மனம் கனக்கிறது. முதல் வெளியீட்டில் இந்த இரட்டைக் காட்சியை ஏறத்தாழ 8 லட்சம் பேர் பார்த்தனர். இன்று இரண்டு படங்களுக்கும் இருக்கும் புகழோடு ஒப்பிட்டால் அது சிறிய எண்ணிக்கைதான்.

குழந்தைகள் படமென்று நம்பி அழைத்துவரப்பட்டவர்களுக்குக் காட்டப்பட்ட இந்தப் போர்க்காலப் படம் உண்மையில் யாருக்கானது என்பதே இந்த ஆய்வின் கேள்வி. "அனிமேஷன் என்றாலே குழந்தைகளுக்குத்தான் என்று நினைப்பது பாமரத்தனம்" என்ற வழக்கமான பதில் எனக்குப் போதவில்லை. "இது பெரியவர்களுக்கான படம்" என்ற பதிலும் சரியென்று படவில்லை. படத்தின் காட்சிகளையும் அது உருவான விதத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், அது குறிவைத்த வயது ஒன்று தெளிவாகத் தெரிகிறது.

ஒரு படத்தைக் காக்க மற்றொரு படம்

இந்த இணைப்புக்கு முதற்காரணம் கலையன்று, வணிகம். காட்டில் வாழும் பெரிய உரோம உயிரினத்தையும் இரண்டு சிறுமிகளையும் மட்டும் நம்பி ஒரு முழுநீளப் படத்தில் பணம் போட முதலீட்டாளர்கள் தயங்கினர். அப்போது, புகழ்பெற்ற பதிப்பகமான ஷின்சோஷா தான் வெளியிட்டிருந்த அகியுகி நோசாகாவின் கதையைத் திரைப்படமாக்க முன்வந்தது. டோட்டோரோவுக்குத் தோகுமா ஷோதேன் பதிப்பகம், கல்லறைக்கு ஷின்சோஷா என்று இரு பதிப்பகங்களின் தோள்களில் இரண்டு படங்கள் ஏறின. இந்த ஏற்பாட்டின் பின்னே நின்று உழைத்தவர்களில் முக்கியமானவர் தயாரிப்பாளர் தொஷியோ சுசுகி.

ஒரு சிறிய நிறுவனம் ஒரே காலத்தில் இரண்டு முழுநீளப் படங்களைச் செய்ததால் ஓவியர்களுக்குப் பெரும் தட்டுப்பாடு ஏற்பட்டது. யோஷிஃபுமி கோண்டோ என்ற அசைவூட்டக் கலைஞர் தமக்கே வேண்டும் என்று இரு இயக்குநர்களும் விரும்பினர். கடைசியில் அவர் தகாஹாதாவிடம் சென்றார். செட்சுகோவின் நடையும் முகமும் இன்றளவும் நம்மை உலுக்குவதற்கு அந்த முடிவு ஒரு காரணம். ஆயினும் வேலை குறித்த நாளுக்குள் முடியவில்லை. வெளியீட்டு நாளன்று கல்லறையின் சில காட்சிகள் வண்ணம் தீட்டப்படாமல் கோடுகளாகவே திரைக்குச் சென்றன. செய்தா காய்கறி திருடும் பகுதி அவற்றுள் ஒன்று. பிற்பாடுதான் அவை நிறைவு செய்யப்பட்டன.

ஆக, இந்தப் படம் குழந்தைகளின் முன்னால் வந்து நின்றது எவரும் ஆழ்ந்து ஆலோசித்து எடுத்த கல்விசார்ந்த முடிவால் அன்று. இதை முதலில் சொல்லியாக வேண்டும். ஏனெனில், "ஜப்பானியர்கள் தங்கள் குழந்தைகளுக்குப் போரைக் கற்பிக்கவே இப்படத்தைக் காட்டினார்கள்" என்று எழுதுவோர் உளர், தொடக்கம் அவ்வாறானதன்று.

தங்கைக்குக் கொடுக்காத சோறு

அகியுகி நோசாகா 1930-இல் பிறந்தார். தாய் இறந்ததால் கைக்குழந்தையாகவே கோபே நகரத்துக் குடும்பமொன்றுக்குத் தத்துக் கொடுக்கப்பட்டார். 1945 ஜூன் 5 அன்று அமெரிக்காவின் பி-29 விமானங்கள் கோபேயின் மீது எரிகுண்டுகளைக் கொட்டியபோது அந்த வீடு எரிந்தது. வளர்ப்புத் தந்தையையும் அன்று இழந்தார். அவர் பொறுப்பில் விடப்பட்டது, அதே குடும்பத்துக்குத் தத்து வந்திருந்த, இரண்டு வயதுகூட நிரம்பாத ஒரு தங்கை. நிஷினோமியாவில் உறவினர் வீட்டிலும், பின்னர் ஃபுகுயி மாவட்டத்திலும் அவளைத் தூக்கிக்கொண்டு திரிந்தார். போர் முடிந்த அறிவிப்பு வந்து ஒரு வாரம் ஆவதற்குள், 1945 ஆகஸ்ட் 21 அன்று, அந்தக் குழந்தை சத்துக்குறைவால் இறந்தது.

1967-இல் வெளியான 'மின்மினிகளின் கல்லறை' என்ற சிறுகதை அந்த மரணத்திலிருந்து பிறந்தது. அதற்காகவும் அவ்வாண்டில் வெளிவந்த மற்றொரு கதைக்காகவும் அவருக்கு நவோகி என்ற ஜப்பானிய இலக்கியப் பரிசு கிடைத்தது. இக்கதையைப் பலர் தன்வரலாறு என்று எடுத்துக்கொண்டனர். நோசாகாவோ அதைத் திரும்பத் திரும்ப மறுத்தார். கதையில் வரும் அண்ணன் தங்கைக்காக உயிரையே தேய்க்கிறான். தாம் அப்படி இருக்கவில்லை என்று அவர் எழுதினார். தங்கைக்கென்று வைத்த உணவைப் பசி தாங்காமல் தாமே தின்றதையும், இரவில் அழுத குழந்தையை அடக்கத் தலையில் அடித்ததையும் அவர் மறைக்கவில்லை. இறந்த தங்கைக்கு, தாம் ஆகாத ஓர் அண்ணனை இருபத்திரண்டு ஆண்டுகள் கழித்து அவர் எழுதிக் கொடுத்தார் என்றே நான் இக்கதையை வாசிக்கிறேன். கதையில் தங்கையின் வயதை நான்காக உயர்த்தியதும் கவனிக்க வேண்டியது. கைக்குழந்தை அழ மட்டுமே செய்யும், நான்கு வயதுக் குழந்தையோ பேசும், கேள்வி கேட்கும், "ஏன் மின்மினிகள் இவ்வளவு சீக்கிரம் செத்துப்போகின்றன?" என்று கேட்கும்.

ஜப்பானிய மூலத்தின் தலைப்பில் மின்மினியைக் குறிக்கும் சொல் வழக்கமான எழுத்தில் இல்லை. 'ஹோதாரு' என்று ஒலிக்கும் அச்சொல்லை, தீ என்பதற்கும் சொட்டுதல் என்பதற்கும் உரிய எழுத்துகளைச் சேர்த்து நோசாகா எழுதினார். மின்மினியும் வானிலிருந்து சொட்டும் எரிகுண்டும் ஒரே சொல்லுக்குள் அடங்கின. படத்தின் சுவரொட்டியிலும் இதே இரட்டைப் பொருள் உண்டு. அண்ணனும் தங்கையும் இருளில் மின்மினிகள் சூழ நிற்கிறார்கள். அச்சுவரொட்டியின் இருண்ட மேற்பகுதியை வெளிச்சமாக்கிப் பார்த்தவர்களுக்கு ஒரு குண்டுவீச்சு விமானத்தின் நிழலுருவம் தெரிந்தது. ஒளிப்புள்ளிகளில் எது பூச்சி, எது நெருப்பு என்று பிரித்தறிய முடியவில்லை.

இயக்குநரின் இரவு

தகாஹாதாவும் இத்தகைய ஓர் இரவைக் கடந்தவர்தான். 1945 ஜூன் 29 அதிகாலையில் ஒகாயாமா நகரம் எரிக்கப்பட்டபோது அவருக்கு 9 வயது. உறங்கும் உடையில், வெறுங்காலோடு, ஓர் அக்காவுடன் தெருவில் ஓடினார். குடும்பத்தின் மற்றவர்களைப் பிரிந்து, இரண்டு நாள் கழித்தே கண்டடைந்தார். அந்நகரில் அன்று 1,700-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். எரிகுண்டு எப்படி விழும், விழுந்தபின் எவ்வாறு தீயைக் கக்கும், ஓடும் சிறுவனுக்குத் தெரு எப்படித் தோன்றும் என்பதையெல்லாம் அவர் எங்கும் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கவில்லை.

அதனாலேயே படத்தின் முதல் தாக்குதல் காட்சியில் ஆரவாரம் இல்லை. குழாய் போன்ற எரிகுண்டுகள் கூரைகளின் மேலும் தெருவிலும் பொலபொலவென உதிர்கின்றன. சற்றுநேரம் ஒன்றுமே நடவாததுபோல் கிடக்கின்றன. பிறகுதான் தீ சீறுகிறது. அதுவரை செய்தா தங்கையை முதுகில் கட்டிக்கொண்டு அசையாமல் நிற்கிறான். போர்க்காட்சிகளில் பழகிய கண்ணுக்கு அந்தச் சிறு மௌனம் விசித்திரமாகப் படும். அதை நேரில் பார்த்திராத ஒருவரால் அப்படி அமைத்திருக்க முடியாது என்பது என் கருத்து.

இப்படத்தை "போர் எதிர்ப்புப் படம்" என்று அழைப்பதை தகாஹாதா ஏற்கவில்லை. போரின் துயரத்தைக் காட்டுவதால் மட்டும் அடுத்த போரைத் தடுத்துவிட முடியாது என்பதில் அவர் உறுதியாக இருந்தார். சமூகத்திலிருந்து விலகி, தானும் தங்கையும் மட்டுமே கொண்ட ஒரு வீட்டைக் கட்ட முயன்று தோற்ற ஒரு சிறுவனின் கதையாகவே அவர் இதைக் கண்டார். அந்தச் சிறுவனிடம் எண்பதுகளின் ஜப்பானிய இளைஞர்களின் சாயலைக் கண்டதாகவும், பதின்வயதினரும் இருபதுகளில் இருப்போரும் இதைப் பார்க்க வேண்டும் என்றும் அவர் சொன்னார். இந்த ஆய்வுக்கு இதுவே முதல் சான்று.

அகப்பையின் நீதி

இரண்டாம் சான்று படத்துக்குள்ளேயே இருக்கிறது. அதை நான் சோற்றில் காண்கிறேன். செட்சுகோ ஒரு குண்டுக்கு இரையாகவில்லை. அவள் சாவுக்குப் பின்னே ஒரு நீண்ட கணக்கு இருக்கிறது. படம் அதைப் பொறுமையாக, வரவு செலவுப் புத்தகம் எழுதுவதுபோல் எழுதிச் செல்கிறது.

தாக்குதலுக்கு முன்பே செய்தா மண்ணில் புதைத்துவைத்திருந்த பொருட்களை எடுத்துக்கொண்டு நிஷினோமியாவில் உள்ள தூரத்து அத்தையின் வீட்டுக்கு வருகிறான். கருவாடு, ஊறவைத்த உமெபோஷிப் பழம், வெண்ணெய் என்று கடற்படை அதிகாரியின் வீட்டில் மட்டுமே இருக்கக்கூடிய உணவுகள் அவை. அத்தையின் முகம் மலர்கிறது. அவை தீர்ந்தபின் முகம் மாறுகிறது. இறந்த தாயின் கிமோனோக்களை விற்று அரிசி வாங்கலாம் என்கிறாள். செட்சுகோ கதறியழ, துணி அரிசியாகிறது. அந்த அரிசியின் வெள்ளைச் சோறு முதல் நாள் எல்லோருக்கும் கிடைக்கிறது. அதற்குப் பிறகு, வேலைக்குப் போகும் தன் மகளுக்கும் வீட்டில் தங்கியிருக்கும் இளைஞனுக்கும் சோற்றுருண்டை. அண்ணன் தங்கைக்கு வெறுங்கஞ்சி.

கஞ்சி பரிமாறும் அந்தக் காட்சியைத் தமிழ் வாசகருக்கு விளக்கத் தேவையில்லை. அகப்பை பானையின் அடிவரை இறங்கினால் சோறு வரும். மேலாக மொண்டால் தண்ணீர் வரும். கூட்டுக் குடும்பத்தில் வளர்ந்த எவருக்கும் அகப்பை எவ்வளவு ஆழம் இறங்குகிறது என்பதைப் பார்த்தே தன் இடம் எது என்று தெரிந்துவிடும். தகாஹாதா அந்த அகப்பையைத்தான் காட்டுகிறார். அத்தையின் உள்ளத்தை விளக்கும் வசனம் எதையும் வைக்கவில்லை.

அன்றைய ஜப்பானில் அரிசி பங்கீட்டில் மட்டுமே கிடைத்தது. ஆளுக்கு ஒரு நாளைக்கு ஏறத்தாழ 330 கிராம் என்றிருந்த தானிய அளவு 1945 ஜூலையில் மேலும் பத்தில் ஒரு பங்கு குறைக்கப்பட்டது. அதிலும் அரிசிக்குப் பதிலாக வேறு பல சேர்ந்துவந்தன. பலநாள் தாமதமாகவும் வந்தன. பங்கீடு அக்கம்பக்கக் குழுக்களின் வழியாகவே நடந்தது. எந்தக் குழுவிலும் பெயரில்லாதவனுக்கு எதுவுமில்லை. அத்தையின் சொல் தாங்காமல் செய்தா தங்கையோடு ஏரிக்கரையில் கைவிடப்பட்ட பதுங்குகுழிக்குக் குடிபோனபோது அவன் விட்டுப் பிரிந்தது ஒரு வீட்டை மட்டுமன்று. உணவு வரும் ஒரே குழாயையும் விட்டுப் பிரிந்தான். ஊர் விவசாயி ஒருவர் இதை அவனிடம் நேராகவே சொல்கிறார்: குழுவில் சேராமல் இக்காலத்தில் வாழ முடியாது, அத்தையிடம் போய் மன்னிப்புக் கேட்டு அங்கேயே இரு. செய்தா பணிவாகத் தலைவணங்கிவிட்டு, போகாமல் இருக்கிறான்.

அவனிடம் பணமும் இருந்தது. தாய் வங்கியில் விட்டுச்சென்றது 7,000 யென். அக்காலத்தில் அது பெருந்தொகை; ஆனால் பங்கீட்டு நாட்டில் பணம் அரிசியாக மாறும் வழி சுருங்கிக்கொண்டே வந்தது. வெறும் வறுமைக்கதையாக இருந்திருந்தால் இப்படம் இவ்வளவு வலிக்காது. பெட்டியில் பணம் இருக்கப் பானையில் அரிசி இல்லாமல் குழந்தை சாகிறது.

பதினான்கு வயதின் தவறுகள்

இங்கேதான் படம் யாரைப் பார்த்துப் பேசுகிறது என்பது விளங்குகிறது. தாயின் உடல் கட்டுத்துணிகளால் சுற்றப்பட்டுக் கிடப்பதைப் பார்த்துவிட்டு வந்த செய்தா, பள்ளி மைதானத்தில் அம்மாவைக் கேட்டு அழும் தங்கைக்கு என்ன சொல்வதென்று தெரியாமல், உடற்பயிற்சிக் கம்பியில் ஏறிச் சுற்றிக் காட்டுகிறான். அவள் அழுதுகொண்டே இருக்கிறாள். அவன் சுற்றிக்கொண்டே இருக்கிறான். படத்தில் என்னை மிகவும் வருத்திய காட்சி சாவுக் காட்சியன்று, இதுதான். துக்கத்தைச் சொல்லத் தெரியாத, அழவும் கூச்சப்படுகிற, தெரிந்த ஒரே வித்தையைத் திரும்பத் திரும்பச் செய்கிற அந்த வயதை எவ்வளவு துல்லியமாகப் பிடித்திருக்கிறார்கள்!

அவனுடைய பிற தவறுகளும் அதே வயதின் தவறுகளே. தாய் இறந்ததை அவன் தங்கையிடம் மறைக்கிறான். அத்தை முன்னமே சொல்லிவிட்டாள் என்பது பிறகுதான் தெரிகிறது. செத்த மின்மினிகளுக்குக் குழி தோண்டும் செட்சுகோ, அம்மாவும் குழிக்குள்தானே இருக்கிறாள் என்று சொல்லும்போதுதான் செய்தா முதன்முறையாக வாய்விட்டு அழுகிறான். தந்தைக்குக் கடற்படைத் தளத்தின் முகவரிக்குக் கடிதம் எழுதிவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கிறான். அவர் பணியாற்றிய கப்பலாகக் காட்டப்படுவது 'மாயா' என்ற கனரகப் போர்க்கப்பல். அது 1944 அக்டோபர் 23 அன்றே அமெரிக்க நீர்மூழ்கியால் மூழ்கடிக்கப்பட்டது. வரலாறு தெரிந்த பார்வையாளர், முதல் குண்டு விழுமுன்னரே தந்தை இல்லை என்பதை அறிவார். செய்தா அதை, எஞ்சிய பணத்தை எடுக்க வங்கிக்குப் போன இடத்தில், போர் முடிந்துவிட்டது என்ற செய்தியோடு சேர்த்துக் கேட்கிறான்.

அவன் சோம்பேறி என்று அத்தை சொல்கிறாள். அவன் உழைத்த எஃகு ஆலை குண்டுக்கு இரையாகிவிட்டது; பள்ளி எரிந்துவிட்டது. இருந்தும், தீயணைப்புக் குழுவிலாவது சேர்ந்திருக்கலாமே என்பதற்கு அவனிடம் விடையில்லை. அவனுக்குத் தங்கையோடு கடலுக்குப் போக வேண்டும். கொசுவலைக்குள் மின்மினிகளை விட்டுப் பார்க்க வேண்டும். குழந்தையாகவே இருந்துவிட அவனுக்கும் ஆசை இருக்கிறது. பெரியவர்கள் இதைப் பொறுப்பின்மை என்று தீர்ப்பளிக்கக்கூடும். பதினான்கு வயதுக்காரர்கள் அதில் தங்களைக் காண்பார்கள். பிறகு அதன் விலையையும் காண்பார்கள். சான்றுகளில் கனமானதாக நான் கருதுவது இதையே.

குரல், கோடு, டப்பா

செட்சுகோவுக்குக் குரல் கொடுத்த அயானோ ஷிராஇஷி, அந்தப் பாத்திரத்தின் வயதையொத்த சிறுமி. வழக்கத்துக்கு மாறாக, அவள் பேச்சை முதலில் பதிவுசெய்துவிட்டு, அதன் மூச்சுக்கும் தடுமாற்றத்துக்கும் ஏற்பப் பிறகு ஓவியங்கள் வரையப்பட்டன. செட்சுகோ பெரியவர்கள் எழுதிக் கொடுத்த வசனத்தை ஒப்பிக்கும் குழந்தையாகத் தோன்றாததற்கு இது காரணம். வண்ணத்துக்குப் பொறுப்பேற்ற மிச்சியோ யசுதா, உருவங்களின் விளிம்புக் கோடுகளுக்குக் கறுப்பை விட்டுப் பழுப்பைப் பயன்படுத்தினார். அதனால் மனிதர்கள் பின்னணியின் மண்ணிலிருந்தும் மரத்திலிருந்தும் வெட்டியெடுக்கப்பட்டவர்களாக நிற்காமல், அவற்றோடு கலந்து தெரிகின்றனர். மிச்சியோ மாமியாவின் இசை பல இடங்களில் ஒதுங்கிக்கொள்கிறது.

டப்பாவைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. பழச்சுவை மிட்டாய்கள் அடங்கிய சகுமா டிராப்ஸ் டப்பா படம் முழுவதும் கூடவே வருகிறது. முதலில் அது அழும் குழந்தையை ஆற்றும் இனிப்பு. தீர்ந்தபின் அதில் தண்ணீர் ஊற்றிக் குலுக்கி அந்த மணத்தையே குடிக்கிறார்கள். கடைசியில், மிட்டாய் என்று எண்ணி, கண்ணாடியாலான விளையாட்டுச் சில்லுகளைச் செட்சுகோ வாயில் அடக்கிக்கொள்கிறாள். அவள் எரிக்கப்பட்டபின் எலும்புகள் அதே டப்பாவுக்குள் போகின்றன. படத்தின் முதற்காட்சியில், 1945 செப்டம்பர் 21 இரவு சன்னோமியா ரயில் நிலையத்தில் இறந்துகிடக்கும் செய்தாவிடமிருந்து துப்புரவுப் பணியாளர் எடுத்துப் புல்லில் எறிவது இந்த டப்பாவைத்தான். சிவப்பு டப்பாவைத் தயாரித்துவந்த நிறுவனம் 2023 ஜனவரியில் மூடப்பட்டபோது, அச்செய்தி ஜப்பானுக்கு வெளியிலும் பேசப்பட்டதற்குக் காரணம் இந்தப் படம்.

அந்த நிலையத் தூணடியில் செய்தா மட்டும் கிடக்கவில்லை; அவனைப் போல இன்னும் பல சிறுவர்கள் சாய்ந்து கிடக்கிறார்கள். 1948-இல் ஜப்பானிய அரசு எடுத்த கணக்கெடுப்பில் பெற்றோரை இழந்த குழந்தைகள் 1,23,511 பேர் என்று பதிவாயிற்று.

அத்தையின் பக்கம் சாய்ந்த காலம்

படம் வெளிவந்தபோது பார்வையாளர்களின் கண்ணீர் முழுதும் அண்ணன் தங்கைக்கே சென்றது. அத்தை கல்நெஞ்சக்காரியாக நினைவில் நின்றாள். தொலைக்காட்சியில் ஆகஸ்ட் மாதங்களில் இப்படம் மீண்டும் மீண்டும் ஒளிபரப்பானது. காலப்போக்கில் தீர்ப்பும் மாறியது. 2005-இல் அதே கதை நடிகர்களைக் கொண்டு தொலைக்காட்சி நாடகமாக்கப்பட்டபோது, கதை அத்தையின் பார்வையிலிருந்து சொல்லப்பட்டது. அண்மைக்காலத்தில், அத்தை சொன்னதில் தவறென்ன, உழைக்காதவனுக்கு ஏன் சோறு, தங்கையைக் கொன்றது செய்தாவின் வீம்புதானே என்று வாதிடுவோர் ஜப்பானில் பெருகியுள்ளனர்.

இதை தகாஹாதா 1988-லேயே எண்ணிப் பார்த்தார். படம் வெளிவந்த காலத்து நேர்காணலில், காலம் மீண்டும் தலைகீழாகத் திரும்பினால், இன்று செய்தாவிடம் நமக்கு இருக்கும் பரிவு அப்படியே நீடிக்குமா, அந்த அத்தையையும் மிஞ்சி அவனைக் குற்றஞ்சாட்டுபவர்களாக நாம் ஆகிவிட மாட்டோமா என்று கேட்டு, அதை எண்ண அச்சமாக இருக்கிறது என்றார். நாட்டுக்கு உழைப்பவனுக்கே சோறு என்ற அத்தையின் நீதி, அவள் தனியாகக் கண்டுபிடித்ததன்று. அன்றைய அரசு வீடுதோறும் ஊட்டியது. செய்தாவின் பிழைகளை எடுத்துச்சொல்வது வேறு. அப்பிழைகளுக்குச் செட்சுகோவின் சாவு தகுந்த விலை என்று ஏற்றுக்கொள்வது வேறு. பின்னதைச் சொல்பவர்கள் பெருகுவது எனக்கும் அச்சமூட்டுகிறது.

சட்டகத்துக்கு வெளியே

ஒரு கடுமையான விமரிசனத்தையும் ஒதுக்கிவிட முடியாது. படம் ஜப்பானியக் குழந்தைகளின் துன்பத்தை மட்டுமே காட்டுகிறது. ஜப்பானியப் படைகள் சீனாவிலும் கொரியாவிலும் தென்கிழக்காசியாவிலும் செய்தவை அதில் இல்லை. தமிழராகிய நமக்கு இது வெறும் கோட்பாட்டுப் பிரச்சினையன்று. இதே போரின் ஆண்டுகளில் மலாயாத் தோட்டங்களிலிருந்து சயாம்–பர்மா ரயில் பாதைக்குக் கொண்டுசெல்லப்பட்ட தமிழ்த் தொழிலாளர்கள் ஆயிரம் ஆயிரமாகக் காலராவுக்கும் பசிக்கும் அடிக்கும் பலியாயினர். அவர்கள் விட்டுச்சென்ற பிள்ளைகளும் தோட்டங்களில் மரவள்ளியைத் தின்று உயிர் தரிக்க முயன்றவர்களே. அவர்களைக் கொண்டுசென்றது செய்தாவின் தந்தை பணியாற்றிய அதே அரசின் படை.

எனினும் படம் இதை முற்றிலும் மறைக்கவில்லை என்று நான் கருதுகிறேன். செய்தா புதைத்துவைத்திருந்த வெண்ணெய் எங்கிருந்து வந்தது என்பதைப் படம் காட்டுகிறது. தந்தையின் கப்பலணியைக் கண்டு பெருமிதத்தோடு கடற்படைப் பாட்டைப் பாடும் சிறுவனையும் காட்டுகிறது. அந்தப் பெருமிதமும் வீம்பும் ஒரே வேரில் கிளைத்தவை. ஆயினும் இவை குறிப்புகளே. ஒரு குழந்தை தானாக இவற்றைப் படித்தறிய முடியாது. உடனிருக்கும் பெரியவர் சொன்னால்தான் உண்டு.

முடிபு

மூன்று சான்றுகளும் ஒரே திசையைக் காட்டுகின்றன. இயக்குநர் தாம் பேச விரும்பியவர்கள் இளையோர் என்று சொன்னார். கதையின் காரணகாரியம் பணம், பங்கீடு, அக்கம்பக்கம், மானம் என்பவற்றால் ஆனது. இவற்றைப் புரிந்துகொள்ள ஏறத்தாழப் பதின்மூன்று வயதாவது வேண்டும். தவறுகள் யாவும் அந்த வயதின் தவறுகள். ஆகவே இது குழந்தைகள் படமே என்று சொல்வேன். ஆனால் செட்சுகோவின் வயதுக் குழந்தைகளுக்கு அன்று, செய்தாவின் வயதுப் பிள்ளைகளுக்கு. நான்கு வயதுக் குழந்தை இதில் காண்பது தன் சாவை மட்டுமே. அதைக் கொண்டு அது செய்யக்கூடியது எதுவுமில்லை. பதினான்கு வயதுப் பிள்ளை, தன் கையில் ஒரு சிறு உயிர் ஒப்படைக்கப்பட்டால் யாரிடம் போய்க் கேட்பது, எங்கே தலைகுனிவது, எதை விட்டுக்கொடுப்பது என்று எண்ணத் தொடங்கும்.

1988-இன் இரட்டைக் காட்சி இன்று வேறு உருவில் நம் வீடுகளுக்கே வந்திருக்கிறது. 2024 செப்டம்பரில் நெட்ஃப்ளிக்ஸ் இப்படத்தை ஜப்பானுக்கு வெளியே பெரும்பாலான நாடுகளில் வெளியிட்டது. ஜிப்லி படங்களின் வரிசையில் டோட்டோரோவுக்கு அருகிலேயே, மின்மினி வெளிச்சத்தில் ஒரு சிறுமி சிரிக்கும் படத்தோடு அது நிற்கிறது. டோட்டோரோவைப் பார்த்து முடித்த குழந்தையின் விரல் அடுத்ததாக அங்கே போகும். ஆகவே என் பரிந்துரை எளிது. வீட்டில் சிறு குழந்தைகள் இருந்தால் இதைப் பெற்றோர் முதலில் தனியே பார்க்க வேண்டும். பிள்ளைக்குப் பதின்மூன்று, பதினான்கு ஆகும்போது உடன் அமர்ந்து பார்க்க வேண்டும். அதுவும் உறங்கப்போகும் நேரத்தில் அன்று, பேச நேரமிருக்கும் ஒரு விடுமுறைப் பகலில். முடிந்தவுடன் திரையை அணைத்துவிட வேண்டாம். கடைசிக் காட்சியில், இன்றைய கோபேயின் விளக்கொளி வீசும் கட்டடங்களுக்கு மேலே ஒரு மேட்டில், தங்கை மடியில் உறங்க, செய்தா ஆவியாக அமர்ந்திருக்கிறான். அவன் முகம் ஒருகணம் நம் பக்கம் திரும்புகிறது. பக்கத்தில் இருக்கும் பிள்ளை வாய் திறப்பது பெரும்பாலும் அதற்குச் சற்றுப் பின்னரே.